கபடி வீரர்களின் தசைச் சோர்வைக் கண்காணிக்கச் செலவு குறைந்த, நம்பத்தகுந்த வழி உண்டா?

கேள்வி: மேட்டோரம்

வணக்கம். அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராகப் பணியாற்றுகிறேன். ஆண்கள், பெண்கள் ஆகிய இரு கபடி அணிகளுக்கும் நானே பயிற்சியாளர். பொங்கலையொட்டி மின்னொளி ஆட்டங்கள் தொடங்கிவிட்டால், எங்கள் பையன்கள் கல்லூரி அணிக்கு மட்டுமன்றித் தத்தம் ஊர் அணிகளுக்கும் இறங்கிவிடுவார்கள். சனிக்கிழமை இரவு தொடங்கும் போட்டி ஞாயிறு விடியும்வரை நீளும். தொடர்ந்து வெல்லும் அணி அந்த ஓர் இரவிலேயே மூன்று, நான்கு ஆட்டங்கள் ஆட வேண்டியிருக்கும். திங்கட்கிழமை மாலை அதே பையன்கள் பல்கலைக்கழகப் போட்டிக்கான பயிற்சிக்கு வந்து நிற்கும்போது, யாரை முழுப் பயிற்சியில் விடலாம், யாரை ஓரமாக உட்கார வைக்க வேண்டும் என்று தீர்மானிக்க என்னிடம் இருப்பது என் கண் மட்டும்தான். வாயால் கேட்டுப் பயனில்லை. "ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கேன்" என்ற ஒரே பதிலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

சென்ற பருவத்தில் எங்கள் முதன்மை ரெய்டருக்கு (எதிரணிப் பகுதிக்குள் பாடிச் செல்பவர்) பயிற்சியின்போது தொடையின் பின்தசை கிழிந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் படியேறவே சிரமப்பட்டார் என்பதை அவருடைய அறைத்தோழர் சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

தொழில்முறை அணிகளில் ஜிபிஎஸ் சட்டை, விசைத் தட்டு, இரத்தப் பரிசோதனை என்று பலவற்றைப் பயன்படுத்துவதாகப் படிக்கிறேன். எனக்குக் கிடைக்கக்கூடியவை ஒரு நல்ல கைப்பேசி, கல்லூரி மருத்துவ அறையில் இருக்கும் இரத்த அழுத்தமானி, ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவே. ஊரில் உள்ள பரிசோதனைக் கூடத்தில் சிபிகே என்ற இரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள், அதற்குச் செலவிடலாமா? கைப்பேசியில் தாவலை அளப்பதை நம்பலாமா? வலி இல்லை என்றால் சோர்வும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: இயன்முறை

வணக்கம் ஐயா. விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் நான். உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற இரண்டிற்கும் விடை அதில்தான் இருக்கிறது.

தசைச் சோர்வு என்பது, ஒரு தசை தான் வழக்கமாக எழுப்பும் விசையை அல்லது வேகத்தை எழுப்ப முடியாத நிலை. வலி வேறு. பழக்கமில்லாத அளவுக்கு உழைத்த தசையில் வலி உச்சத்தை அடைவது பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்திற்குள். ஆனால் விசை இழப்பு ஆட்டம் முடிந்த அந்த நிமிடமே தொடங்கிவிடுகிறது. ஆகவே ஞாயிறு காலையில் வலியில்லை என்று சொல்லும் வீரர் பொய் சொல்லவில்லை, அவருடைய தசை மட்டும் முந்தைய நாளின் தசையாக இல்லை. வலி குறைந்த பிறகும் விசை முழுமையாகத் திரும்பாமல் இருக்கலாம். கால்பந்தில் ஓர் ஆட்டத்திற்குப் பிறகு முழுமையாக மீள 72 மணி நேரம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் ஆவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கபடியின் 40 நிமிட ஆட்டத்தில் ஓடும் தூரம் மிகக் குறைவு என்றாலும், பால்க் கோட்டை (எதிரணிப் பகுதியில் ரெய்டர் தாண்ட வேண்டிய கோடு) தாண்டிவிட்டுச் சட்டென்று நின்று திரும்புவதும், பிடிபட்ட நிலையில் நடுக்கோட்டை நோக்கி உடலை இழுப்பதும், நீளும்போதே தசை விசை கொடுக்க வேண்டிய வேலைகள். தசை நார்களை மிக அதிகமாகச் சேதப்படுத்துவது இத்தகைய வேலைதான்.

இந்தச் சேதத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. தசை சுருங்க வேண்டுமானால் நாருக்குள் கால்சியம் வெளிப்பட வேண்டும், கடும் உழைப்புக்குப் பின் அது குறைகிறது. 1977-இல் எட்வர்ட்ஸ் குழுவினர் விவரித்த குறை அதிர்வெண் சோர்வு என்பது இதுதான். நரம்பு குறைந்த அதிர்வெண்ணில் தூண்டும்போது விசை மிகவும் வீழ்ந்தும், உயர்ந்த அதிர்வெண்ணில் ஓரளவே வீழ்ந்தும் இருக்கும், இந்நிலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கலாம். உங்கள் வீரர் முழு மூச்சைக் கூட்டி ஒரு முறை செய்து காட்டும்போது நன்றாகச் செய்வதும், சாதாரண நகர்வுகளில் கால் கனக்கிறது என்பதும் இதனால் முரண்பட வேண்டியதில்லை.

சிபிகே எனப்படும் கிரியேட்டின் கைனேஸ், சேதமடைந்த தசையிலிருந்து இரத்தத்தில் கசியும் நொதி. சோர்வை அளக்க அதற்குச் செலவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலாவதாக, ஒரே பயிற்சியைச் செய்த இருவருக்கு அது பல மடங்கு வேறுபடும். பரிசோதனைச் சீட்டில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பைப் பயிற்சியில் இருக்கும் வீரர்கள் ஓய்வுநாளிலேயே தாண்டியிருப்பார்கள். அடுத்து, கபடியில் தொடையைப் பிடித்து அமுக்குவதாலும் மேலே விழுவதாலும் ஏற்படும் கன்றிய காயங்களும் அதே நொதியைக் கசியவிடுகின்றன. உயர்ந்த எண் கிடைத்தால், அது உழைப்பால் வந்ததா, இரண்டு பேர் மேலே விழுந்ததால் வந்ததா என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. போதாததற்கு, அந்த எண்ணுக்கும் மறுநாள் வீரர் ஆடும் திறத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது.

ஒரே ஒரு சூழலில் அந்தப் பரிசோதனை உயிர் காக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் கறுத்துப் போனாலோ, தசை வீங்கி இறுகித் தாங்க முடியாத வலி இருந்தாலோ, அது பயிற்சியாளர் தீர்மானிக்க வேண்டிய விஷயம் அல்ல, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். எடைப் பிரிவுக்காகத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, ஆட்டங்களுக்கு இடையில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் ஊர்ப் போட்டிகளில் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அது சிறுநீரகத்திற்கு இரட்டைச் சுமை. நீங்கள் அளக்க நினைக்கும் அறிகுறியையே மறைத்தும் விடும். ஆகவே உங்கள் நோட்டில் "வலி மாத்திரை எடுத்தாரா" என்று ஒரு கட்டம் இருக்கட்டும்.

பதில் 2: தரவுமேசை

விளையாட்டு அறிவியல் துறையில் ஆய்வு மாணவன். மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். உங்களிடம் இருக்கும் இரண்டு கருவிகளைக் கொண்டே செய்யக்கூடியவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தாவல் சோதனையில் வீரர் இரு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, விரைந்து தாழ்ந்து, நிற்காமல் அப்படியே மேலே எம்ப வேண்டும். கைப்பேசியை நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்டப் பதிவில் வைத்து, தரையோரமாகக் குனிந்து பாதத்தைப் படம் எடுங்கள். விரல் தரையை விட்ட படத்துக்கும் மீண்டும் தொட்ட படத்துக்கும் இடைப்பட்ட நேரமே காற்றில் இருந்த நேரம். அதை நொடியில் எழுதி வர்க்கமாக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் கிடைக்கும். அரை நொடி காற்றில் இருந்தால் உயரம் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். ஒரு படம் தவறினால் ஏற்படும் பிழை அரை சென்டிமீட்டர் அளவே. அதனால் கருவியை நம்பலாம். நம்பக் கூடாதது வீரரின் முழங்காலை. எண் கூட வேண்டும் என்பதற்காக இறங்கும்போது காலை மடக்கிக்கொள்வார்கள், பாதம் தாமதமாகத் தரையைத் தொடும், உயரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் பொய்யாகக் கூடிவிடும். கால் நீட்டிய நிலையில் விரல்நுனி முதலில் இறங்காத தாவலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று தாவல்களில் மிக உயர்ந்ததை எடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சோர்வைக் கண்டுபிடிக்க மூன்றின் சராசரிதான் கூடுதல் நுண்ணுணர்வு கொண்டது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். சோர்ந்த வீரராலும் ஒரு முறை நன்றாக எம்பிவிட முடியும். அதிலும் சிலர் உயரத்தை விட்டுக்கொடுக்காமல், தாழும் நேரத்தை நீட்டிக்கொண்டு அதே உயரத்தை எட்டிவிடுவார்கள். எனவே அதே காணொளியில், இடுப்பு இறங்கத் தொடங்கிய கணத்திலிருந்து பாதம் தரையை விடும்வரை ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு முழு உடலும் தெரியும்படி இன்னொரு கைப்பேசி இருந்தால் நல்லது. ஆஸ்திரேலியக் கால்பந்து அணிகளில் காற்றிலிருந்த நேரத்தை இந்த நேரத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதத்தைத்தான் பார்த்தார்கள்.

அடுத்தது, மருத்துவ அறையில் இருக்கும் இரத்த அழுத்தமானி. கபடிக்கு இதுவே கூடுதல் பொருத்தம் என்பேன், ஏனெனில் ரெய்டர் காலை அகட்டிப் பக்கவாட்டில் பாய்வதும், தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் கார்னர் வீரர் அகன்ற நிலையில் காத்திருப்பதும் உட்தொடைத் தசையின் தயவில்தான். வீரர் மல்லாந்து படுத்து, பாதங்கள் தரையில் பதிய முழங்கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும், தொடை தரையிலிருந்து 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கைப்பட்டையைச் சுருட்டி முழங்கால்களுக்கிடையில் வைத்து, காற்றை 10 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு ஏற்றி, ஐந்து நொடி முழு வலுவோடு நெருக்கச் சொல்லுங்கள். முள் எட்டிய உச்சத்தைக் குறியுங்கள். ஆஸ்திரேலிய இளநிலைக் கால்பந்து வீரர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், உட்தொடை வலி வெளிப்படுவதற்கு முன்பே இந்த விசை குறைந்திருந்தது. முள்தகடு 300-இல் முடிந்துவிடும். அதை எளிதாகத் தொடும் வலுவான பையன்களுக்கு இந்தச் சோதனை உதவாது.

எந்த எண்ணையும் அடுத்த வீரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அவரவர் ஓய்வாக இருக்கும் நாள்களில் நான்கைந்து முறை அளந்து, அவரவருக்கு ஒரு வழக்கமான மதிப்பை முதலில் நிறுவுங்கள். எந்த மாற்றமும் இல்லாத நாளிலும் தாவல் 3 முதல் 5 விழுக்காடு வரை ஏறி இறங்கும். 38 சென்டிமீட்டர் தாவும் வீரர் 37 தாவினால் அது செய்தியே அல்ல, 34 தாவினால் செய்தி. அன்று அழுத்தமானியிலும் அவருடைய எண் வழக்கத்தைவிடத் தெளிவாக இறங்கியிருந்தால் எனக்கு ஐயமே இருக்காது.

பதில் 3: இடது கார்னர்

ஆடி ஓய்ந்தவன் நான், இப்போது ஊர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அளவுகள் பற்றி மேலே இருவரும் சொன்னவற்றோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஐயா கேள்வியிலேயே ஒரு விஷயத்தை ஒரே வரியில் கடந்துவிட்டார், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பையன்கள் ஏன் "நல்லா இருக்கேன் சார்" என்கிறார்கள்?

வரிசையில் நிற்க வைத்து, பன்னிரண்டு பேர் கேட்க, "யாருக்காவது முடியலையா?" என்று கேட்டால் எவனும் கையைத் தூக்க மாட்டான். தூக்கினால் ஏழு பேரில் தன் இடம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். ஊர்ப் போட்டிக்குப் போனதையே மறைத்தவனாக இருந்தால் கேட்கவே வேண்டாம். தனித்தனியாக, கைப்பேசியில் பதில் அனுப்பச் சொல்லுங்கள். உறக்கம், கால் வலி, அசதி, மனநிலை என்று நான்கு கேள்வி போதும், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை ஓர் எண், ஏழு என்றால் மிக நன்றாக இருக்கிறான் என்று பொருள். அதைவிட முக்கியம், குறைந்த எண் கொடுத்தவனை அன்றே அணியிலிருந்து நீக்காமல் இருப்பது. ஒருவனை ஒரு முறை அதற்காக நீக்கிவிட்டால், அதன் பிறகு பருவம் முடியும்வரை எல்லோரும் ஏழுதான் போடுவார்கள். என் அணியில் குறைந்த எண் கொடுத்தவனுக்குப் பிடி பயிற்சியை மட்டும் நிறுத்துவேன். கோடு பார்த்து நகர்வது, கைகோத்து நிற்கும் சங்கிலி அமைப்பில் அடி எடுத்து வைப்பது எல்லாம் அவனும் செய்வான்.

உங்கள் கண்ணையும் அவ்வளவு குறைத்து மதிப்பிட வேண்டாம், எங்கே பார்ப்பது என்பதுதான் கேள்வி. சோர்ந்த ரெய்டர் பால்க் கோட்டை மட்டும் தாண்டிவிட்டுத் திரும்புவான். அதற்கு ஒரு மீட்டர் அப்பால் இருக்கும், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டுப் பக்கம் காலை நீட்டவே மாட்டான், நீட்டினாலும் பின்காலைத் தூக்காமல் நீட்டுவான். கார்னரில் நிற்பவன் சோர்ந்தால் இடுப்பு உயர்ந்துவிடும். தாழ்ந்து நிற்க முடியாத இரண்டாவது பாதியில்தான் கணுக்கால் பிடி (ஆங்கிள் ஹோல்டு) தாமதமாகி, பிடிக்கும் முன்பே தொடப்பட்டு வெளியேறுவான். முதல் பாதிக் காணொளியையும் இரண்டாம் பாதிக் காணொளியையும் அடுத்தடுத்து வைத்து, இடுப்பின் உயரத்தை மட்டும் பாருங்கள்.

மேட்டோரம்

மூவருக்கும் மிக்க நன்றி. சிபிகே யோசனையைக் கைவிட்டுவிட்டேன். தாவல், அழுத்தமானி, நான்கு கேள்வி என்று மூன்றையும் வைத்துத் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். இன்னும் சில ஐயங்கள். வாரப் பயிற்சிச் சுமையை முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுத்து, விடை 0.8 முதல் 1.3-க்குள் இருக்க வேண்டும் என்று ஒரு பயிலரங்கில் சொன்னார்கள். அதைப் பின்பற்றலாமா? பெண்கள் அணியில் இரண்டு பேர், ஆட்டமே இல்லாத வாரங்களிலும் எப்போதும் சோர்வாகவே இருக்கிறார்கள். அவர்களை எப்படிப் பார்ப்பது? கடைசியாக, இரவு முழுவதும் ஆடிவிட்டு வருபவர்களை எப்போது அளப்பது?

பதில் 4: தரவுமேசை

முதலில் சுமை. கார்ல் ஃபாஸ்டர் பரப்பிய முறையில், பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10-க்குள் ஓர் எண் கேட்டு, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குவார்கள். 90 நிமிடப் பயிற்சிக்கு 6 என்றால் சுமை 540. ஊர்ப் போட்டிச் சுமையும் அதில் சேர வேண்டும், இல்லையென்றால் கணக்கே வீண். இதை எழுதி வைப்பது நல்லது, திடீரென்று இரட்டிப்பாகும் வாரத்தைக் காட்டிக்கொடுக்கும். நீங்கள் சொல்லும் விகிதம் 2016-ஐ ஒட்டி டிம் காபெட்டின் கட்டுரைகளால் பெரும் புகழ் பெற்றது. ஆனால் நடப்பு வாரம் நான்கு வாரச் சராசரிக்குள்ளும் இடம்பெறுவதால் கணக்கிலேயே ஒரு செயற்கையான தொடர்பு புகுந்துவிடுகிறது என்று பின்னர் பலர் சுட்டிக்காட்டினர். காயத்தை முன்னறிவிக்கும் கருவியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இம்பெல்லிசெரி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கடுமையாகவே எழுதினர். 1.3-க்குள் இருக்கிறது என்பதற்காகத் தாவலில் 34-க்கு இறங்கிய பையனை ஆடுகளத்தில் இறக்கிவிடாதீர்கள்.

பதில் 5: இயன்முறை

பெண்கள் பற்றி. ஆட்டமில்லாத வாரத்திலும் சோர்வு நீடித்தால் அதைப் பயிற்சிச் சுமையின் கணக்கில் எழுதாதீர்கள், முதலில் ஹீமோகுளோபினையும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் சரியாக இருந்து இரும்புச் சேமிப்பு மட்டும் குறைந்திருந்தாலும் உழைப்புத் திறன் குன்றும். சிபிகேவுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை இதற்குச் செலவிடுங்கள். போதிய உணவு எடுக்கிறார்களா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதையும் ஒரு பெண் பேராசிரியர் வழியாகக் கேட்டறிவது நல்லது.

அளக்கும் நேரம் பற்றி. தாவல் உயரம் காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருப்பது இயல்பு. உங்கள் வழக்கமான மதிப்புகளை மாலை ஐந்து மணிப் பயிற்சிக்கு முன் எடுத்திருந்தால், மின்னொளி ஆட்டம் முடிந்தவர்களையும் மாலை ஐந்துக்குத்தான் அளக்க வேண்டும், அதே உடல் சூடேற்றும் பயிற்சிக்குப் பிறகு, அதே தரையில். ஞாயிறு மாலை அளப்பதில் பொருளில்லை. அன்று எல்லோருடைய எண்ணும் இறங்கித்தான் இருக்கும், அதை அளக்காமலே எழுதிவிடலாம். திங்கள் மாலை எண்தான் தேவை. அன்றும் இறங்கியே இருப்பவர்களைப் பிடி பயிற்சியில் விடாதீர்கள். புதன் மாலை மீண்டும் அளந்து பார்க்கலாம்.